தொட்டியடி விளிம்பு

பென்சிலை நான் ஒருபோதும் கூராகச் சீவுவதில்லை. கூர்முனை என் தொழிலுக்கு ஆகாது.

இந்தத் துறைமுகத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக ஒரே வேலை. பெரிய இரும்புத் தொட்டிக்குள் உயர் மின்னழுத்தம் ஏறிய உலோகத் துண்டுகள் இருக்கும். அவற்றுக்கிடையே பொறி பாயாமல் தடுப்பது நாங்கள் அடைக்கும் வாயு. மின்புலம் எங்கே எவ்வளவு ஏறும் என்று கணக்கிடுவது நான். விளிம்பு மழுங்கலாக இருந்தால் புலம் அடங்கிக் கிடக்கும். கூராக இருந்தால் அங்கேயே குவிந்து வாயுவைப் பிளந்துவிடும். என் கணக்கில் பிழை என்று யாரும் சொன்னதில்லை.

மார்ச் மாதச் சோதனையில் புதுத் தொட்டி ஒன்றில் பொறி பாய்ந்தது. எல்லாரும் தூசி என்றார்கள். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த குவபாரா மட்டும் என் தாள்களோடு வந்தாள்.

“ஹதோரி-சான், அடி விளிம்போட வளைவு ஆரம் பத்து மில்லிமீட்டர்னு போட்டிருக்கீங்க. வரைபடத்துல ரெண்டுதானே இருக்கு? கண்ணாடிய மாத்துங்க, வயசாயிடுச்சு.”

“வரைபடமே தப்பா இருக்கலாம். வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“நாளைக்குக் கூட்டத்துல சொல்லலாம்னு.”

“முதல்ல உள்ள போய் அளந்துடு.”

“அதுவும் சரிதான். சும்மா ஒருத்தர் மேல பழி போடக் கூடாது.”

அவள் எப்போதும் அப்படித்தான், நியாயமானவள்.

தொட்டியிலிருந்து வாயுவை உறிஞ்சிக் காற்றை விட்டிருந்தார்கள். ஆனால் அந்த வாயு காற்றைவிட ஐந்து மடங்கு கனம். நிறமில்லை, மணமில்லை. மிச்சம் அடியில் தேங்கி நிற்கும். அதனால் ஆக்சிஜனை அடியில்தான் அளக்க வேண்டும். மீட்டரை நான் தொட்டியின் வாயருகே பிடித்தேன். எங்கள் வழக்கப்படி விரல் நீட்டி உரக்கச் சொன்னேன்: “ஆக்சிஜன் இருபத்தொன்று. சரி.” அது பொய்யல்ல. அந்த இடத்தில் இருபத்தொன்றுதான்.

அவளும் விரல் நீட்டி, “சரி,” என்றாள். உள்ளே இறங்கி, அடியில் படுத்து அளந்தாள்.

“ரெண்டு மில்லி, ஹதோரி-சான்.”

அந்த வாயுவை இழுத்தால் குரல் தணிந்துபோகும். கிணற்றுக்குள்ளிருந்து ஓர் ஆண் பேசுவதுபோல் இருந்தது.

“என் குரல் ஏன்...” என்றாள். முடிக்கவில்லை.

உள்ளே காற்றடிக்கும் குழாய் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் பென்சிலை எடுத்து, இரண்டு என்று குறித்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் சாப்பிட வரச்சொல்லி மனைவி கூப்பிட்டாலும் அந்தக் குரலில்தான் கேட்கிறது. வானொலியில் குழந்தைகள் பாடினாலும் அதே குரல்தான்.

கணக்கைத் திருத்திவிட்டேன். இரண்டு என்று வைத்தால் புலம் ஏறக்குறைய இருமடங்கு. பிழையைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் குவபாராவின் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். அடுத்தவர் உழைப்பை மறைக்கிறவன் இல்லை நான்.