நாரின் ஊர் ஆஸ்பத்திரித் தலையணை

சைக்கால்: மெதுவா நடங்க எசென் அண்ணே! நேத்துதான் குடலிறக்க ஆபரேஷன் முடிஞ்சிருக்கு. நர்ஸ் சொன்னா கேக்கணும்.

எசென்: மூணு ஓட்டைக்கு இவ்வளவு மிரட்டலா? எங்க ஆட்டுக்குக் காது குத்தினாகூட இதைவிடப் பெருசா இருக்கும்.

சைக்கால்: வெளியதான் சின்ன ஓட்டை. உள்ள வலை வெச்சுத் தெச்சிருக்கு. பாரம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, கத்தக் கூடாது.

எசென்: கோக்போரு பாக்கப் போனாலுமா?

சைக்கால்: குதிரைமேல உக்காந்து செத்த ஆட்டைத் தூக்கற அந்த ஆட்டத்துலதானே குடலை இறக்கிக்கிட்டு வந்தீங்க? இந்தாங்க தலையணை. இருமல் வந்தா வயித்தோட அணைச்சுக்கோங்க.

எசென்: பொண்டாட்டியைக்கூட இப்படி அணைச்சதில்ல... யாரு அது? அட, தாலாய்! வாடா தம்பி! கணவாயில பனி எப்படி?

தாலாய்: கொஞ்சம் இருந்துது... உடம்பு எப்படிண்ணே?

எசென்: வயிறு தேவலை. தோள்பட்டைதான் விண்ணுவிண்ணுங்குது. கேமராவை விடறதுக்கு வயித்துல காத்து அடிச்சாங்களாம். அடிச்சது எங்கயோ, வலிக்கிறது எங்கயோ!

தாலாய்: ம்...

எசென்: என்னடா ம்? அப்பாவுக்கு மூச்சு வாங்கறது கொறைஞ்சுதா? முதல்ல கோட்டைக் கழட்டு, இங்க ஒரே புழுக்கம்.

தாலாய்: சரிண்ணே... என்னண்ணே அப்படிப் பாக்கறீங்க?

எசென்: ஒண்ணுமில்ல. கோட்டை மாட்டிக்கோ. குளிரும்.

தாலாய்: இப்பத்தான் புழுக்கம்னீங்க?

எசென்: மாட்டிக்கோடா!

தாலாய்: அண்ணே... வத்தாத ஏரின்னு உலகத்துல ஒண்ணு...

எசென்: நர்ஸம்மா, எங்கப்பாவைப் பத்தி உனக்குச் சொன்னேனா? இந்த ஆபரேஷனுக்கு என்னைத் துரத்தினதே அவருதான். "குடல் சரிஞ்சவன் தோள்ல நான் ஏறமாட்டேன், பாதி வழியில கீழ போட்டுருவே"ன்னாரு.

சைக்கால்: நல்ல குசும்புக்காரர்தான்.

தாலாய்: அண்ணே, சாயாத மரம்னு...

எசென்: கறுப்புப் பெட்டைக் குதிரை குட்டி போட்டுதா?

தாலாய்: போட்டுது... கொஞ்சம் பேச விடுங்கண்ணே.

எசென்: நெத்தியில வெள்ளை இருக்கா?

தாலாய்: இருக்கு... நர்ஸம்மா, வாசல்ல வண்டி நிக்குது. அண்ணனை இன்னைக்கே கூட்டிட்டுப் போகலாமா?

சைக்கால்: நாளைக்கு டாக்டர் பாத்துட்டுத்தான்... இருங்க. உங்க கோட்டுக்குள்ள... சரி. டாக்டர்கிட்ட நான் பேசறேன். நடக்கறாரு, சாப்பிடறாரு, விட்டுருவாரு.

எசென்: இந்தத் தலையணை?

சைக்கால்: எடுத்துட்டுப் போங்கண்ணே. யாரும் கேக்க மாட்டாங்க.

தாலாய்: அண்ணே, அவங்க போய்ட்டாங்க. இப்பவாவது கேளுங்க. வண்டியில ஏறறதுக்கு முன்னால சொல்லிடணும். அப்பா...

எசென்: சொல்லாதேடா!

தாலாய்: ...எப்பத் தெரியும் உங்களுக்கு?

எசென்: நீ கோட்டைக் கழட்டினப்பவே. இடுப்புல கட்டின துக்கத் துணியை அவுக்க மறந்துட்டு, நம்ம வழக்கப்படி ஏரி, மரம்னு சேதியைச் சுத்தி வளைக்க வந்துட்டே. உன் வாயால சொல்லிட்டா, மூத்த மகன் நான் இங்கேர்ந்தே கதறிக்கிட்டு வரணும். அவ்வளவு தூரம் இந்த வலை தாங்காது. அவரைத் தூக்கவும் என்னால முடியாது. நீ தோள் குடு, நான் பக்கத்துல நடந்து வரேன். நம்ம வீட்டு வாசல்ல கட்டியிருக்கிற இழவுக் கூடாரம் கண்ணுல பட்டதும் இந்தத் தலையணையை அணைச்சுக்கிட்டு அழுதுக்கறேன். அதுவரைக்கும் பேசாம வண்டியை ஓட்டு... அதுவரைக்கும் எனக்கு அப்பா இருக்காருடா.