கடைசிக் குழி

இரவு இரண்டேகால் மணி. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் சாலை. ஒன்று விட்டு ஒரு விளக்குதான் எரிந்தது... என் நண்பனின் அண்ணி தனியாக நடந்து போனாள்.

என்சைம்களை மாற்றியமைப்பது அவள் வேலை. எந்த உயிரும் செய்யாத ஒரு ரசாயன வினையை அவற்றைச் செய்யவைக்க வேண்டும். தட்டில் தொண்ணூற்றாறு சிறு குழிகள், குழிக்கு ஒரு மாதிரி. மஞ்சளானால் ஜெயித்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கடைசி மூலைக் குழியில் மட்டும் என்சைம் போட மாட்டார்கள். அது நிறம் மாறவே கூடாது.

நாலு வருடமாக அண்ணிக்கு ஒரு குழியும் மஞ்சளாகவில்லை. பக்கத்து மேசைச் சின்னவள் சிட்டுக்கு எட்டே மாதத்தில் ஆனது. அந்த வினை நடந்தால் வரும் வாதுமை வாசனை குப்பென்று அடித்தது.

"அக்கா, உங்களுக்குத்தான் முதல்ல காட்றேன். ட்ரீட்டுன்னு ஆரம்பிச்சுடாதீங்க."

"கொடுத்துவெச்சவடி நீ." அண்ணி சிரித்தாள். வயிறு பற்றி எரிந்தது.

சந்தோஷத்தில் சிட்டு அந்த என்சைமுக்கு இரண்டாவது நகல் எடுத்துவைக்கவில்லை. உறைபெட்டியில் இருந்தது ஒரே குப்பி. மறுநாள் அண்ணி அதையும் தட்டையும், கிருமி கொல்லும் நீராவிக் கலனில் கழிவோடு சேர்த்து அவித்துவிட்டாள்.

அன்றிரவு இரண்டு மணிவரை தேடிவிட்டு, அழுதுகொண்டே ஸ்கூட்டரை எடுத்தாள் சிட்டு. இதே சாலையில்... லாரி.

அடக்கத்தின்போது அண்ணிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் இந்த நடை. மாலையில் வைத்த தன் தட்டைப் பார்க்க வேண்டும். வாசலை நெருங்கும்போது பின்னால் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடும் சத்தம். டக். திரும்பினாள்... யாருமில்லை.

உள்ளே வாதுமை வாசனை.

தட்டில் தொண்ணூற்றைந்து குழிகள் தண்ணீர் மாதிரித் தெளிவு. கடைசி மூலை மட்டும் மஞ்சள்.

கை தவறியிருக்கும் என்று புதுத் தட்டு வைத்தாள். விடியும்வரை காத்திருந்தாள். அதே மூலை... அதே மஞ்சள்.

அவளுக்குப் பயம்கூட வரவில்லை.

"செத்தப்புறமும் ஜெயிக்கிறது நீதானாடி?"

அப்போதுதான் அழுகை வந்தது. வெள்ளைக் கோட்டின் கையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த இடம் மஞ்சள்.

வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. தன் தலையணை உறையை அவளேதான் துவைக்கிறாள், வேறு யாரையும் தொட விடுவதில்லை என்று நண்பன் சொன்னான். போன வாரம் கொடியில் காய்ந்ததை நானே பார்த்தேன்.

கறை போகவில்லை. கிட்டே போனால்... வாதுமை வாசனை.