நூத்தி நாப்பது கையெழுத்து

நேலிதாக்கா, உள்ள வரலாமா, இல்ல வாசல்லயே நின்னுக்கவா?

சரி, உக்காந்துட்டேன். எம்பையன் புருனோவ மடியிலயே வச்சுக்கறேன், கீழ விட்டா உங்க கோழிக்குக் கேடு. மாத்தே டீ ஊத்துறீங்களா? ஊத்துங்க ஊத்துங்க. நன்றின்னு மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னா போதும்னு எடுத்து வச்சிருவீங்க, அப்புறம் நான் எந்திரிச்சுப் போகணும்.

இல்லக்கா, நாற்காலியத் திருப்பிக் கேக்க வரல. அது உங்களுது. கமிட்டி அறையில கட்சி வாங்கிப் போட்டது ஒரு விளக்குதான், உக்கார்றது அவங்கவங்க வீட்லருந்து கொண்டாந்தது. எடுத்துட்டுப் போனா போனதுதான். என்ன, நீங்க உங்களுத எடுத்த மறு வியாழக்கிழமை இன்னும் அஞ்சு நாற்காலி காணோம். அப்புறம் மேபெல் வந்து ஸ்டூலத் தூக்கினா. ஸ்டூலுக்குக் கூடவாடி கோவம்னு கேட்டேன், அவ சிரிக்கக்கூட இல்ல. இப்ப கூட்டத்துக்கு வர்றது மொத்தம் மூணு பேரு. நான், ரயில்ல வேல பாத்த ஓமாரண்ணன், அவரு நாய். சிரிங்கக்கா, பரவால்ல.

தேர்தலப்ப எப்படி இருந்தோம்? மழை கொட்டுது, நீங்க ரொட்டி பொரிச்சு எடுக்கறீங்க, ரூபேன் போஸ்டருக்குப் பசை கிண்டறேன்னு மாவைத் தலையெல்லாம் பூசிக்கிட்டு நிக்கிறாரு. அந்த மனுஷன் இன்னிக்கு நகராட்சித் தலைவரு. ஜெயிச்சதும் நீங்கதான் சொன்னீங்க, வேல முடியல, இனிமேதான் நம்மாளையே விரட்டி வேல வாங்கணும்னு. எல்லாரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

ஆமா, பஸ்ஸு விஷயம்தான். வேற எதுக்கு வருவேன். ஓடைக்கு இந்தாண்ட இருக்கற பதினோரு புள்ளைங்க பெரிய ஸ்கூலுக்குப் போக ஒரு பஸ். ஆரஞ்சு பெட்டி கட்டற கொட்டகையில சாப்பாட்டு நேரத்துல சாப்பிடாம நீங்க வாங்கின கையெழுத்து மட்டும் தொண்ணூறு. நாங்க எல்லாரும் சேந்து அம்பது. அக்டோபருக்குள்ள நகராட்சில மனுவக் குடுத்தாத்தான் மார்ச்சுல ஸ்கூல் தொறக்கறப்ப பஸ்ஸு ஓடும்னு நீங்கதான் விசாரிச்சுட்டு வந்தீங்க. கொண்டுபோய்க் குடுக்கற வேல என்னுது.

போனேன்கா. சத்தியமா போனேன். அவரு பதவியேத்த மறு வாரமே, நல்ல துணி உடுத்திக்கிட்டு. என்னைப் பாத்ததும் ரூபேன் எந்திரிச்சு வந்து கட்டிப் பிடிச்சு அழுதுட்டாரு. புருனோவத் தூக்கித் தன் சீட்டுல உக்கார வச்சு, இது உன் எடம்டான்னாரு. சுத்தி பழைய ஆட்சி குமாஸ்தாங்க வேடிக்க பாக்கறாங்க. அவங்க முன்னாடி, வந்த மொத வாரமே, நம்மாளு மூஞ்சிக்கு நேரா நாமளே மனுவ நீட்டறதான்னு கை வரல. பைக்குள்ளயே வச்சுக்கிட்டேன். நம்ம மனுஷன்தானே, கேக்காமலே செய்வாருன்னு நினைச்சேன். அடுத்த வாரம் போலாம்னு இருந்தேன், இவனுக்குக் காய்ச்சல். அதுக்கடுத்த வாரம் என்னமோ ஒண்ணு. அக்டோபர் போயிருச்சு.

ரூபேனைத் திட்டாதீங்க. நாம கேட்டதே அவருக்குத் தெரியாது.

மனு என் அலமாரியில இருக்குக்கா, இவன் துணிக்கு அடியில. ஏப்ரல் கூட்டத்துல நீங்க எந்திரிச்சு என்னாச்சுன்னு கேட்டப்ப, பதிலே வரலன்னு சொன்னேன்ல. அது பொய். நம்மாளுங்களும் அவங்கள மாதிரிதான்னு சொல்லிட்டு நீங்க நாற்காலியத் தூக்கினீங்க. நான் வாயத் தொறந்திருந்தா நீங்க நின்னிருப்பீங்க. நான் கதவத் தொறந்துவிட்டேன்.

மாத்தேய எடுத்து வச்சிராதீங்கக்கா, இன்னும் முடிக்கல.

நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு அதக் கொண்டுபோய் ரூபேன் மேசை மேல வைக்கிறேன், யாரு வேடிக்க பாத்தாலும் சரி. வியாழக்கிழமை கூட்டத்துலயும் சொல்லப் போறேன். வீடு வீடாப் போயும் சொல்லுவேன், ஓட்டுக் கேக்கப் போன வீடுங்கதானே. அதெல்லாம் செஞ்சிருவேன். ஆனா பஸ்ஸு இல்லன்னு மார்ச்சோட படிப்ப விட்டுட்டு ஆரஞ்சு பறிக்கப் போறவ உங்க பொண்ணு தமாரா. கொல்லைல அவ துணி ஒதர்ற சத்தம் வந்ததுலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். நீங்க சொல்லி அவளுக்குத் தெரியக்கூடாது, நானே சொல்லணும்.

அவளக் கொஞ்சம் இங்க கூப்பிடுங்கக்கா.