எண்ணெய் தெளிக்காத இரண்டு துண்டுகள்

கோழிக்கறியைத் தோலோடு வாங்குவதுதான் இதில் முதல் சிக்கல், மேடம். செம்மேட்டுக் கறிக்கடையில் தோலை உரித்து வீசிவிட்டுத்தான் எடை போடுவார்கள். தொடைக்கறி மட்டும் வேண்டும், எலும்பை எடுத்துவிட வேண்டும், தோல் அப்படியே இருக்க வேண்டும் என்றால் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். ஒரு முறை, “யாருக்குங்க, நாய்க்கா?” என்றே கேட்டுவிட்டார். ஜப்பான்காரர்கள் இப்படித்தான் செய்வார்களாம் என்றேன். அதற்குப் பிறகு என் தலை தெரிந்தாலே, “ஜப்பான் வந்துருச்சு” என்று சிரிப்பார்.

நீங்கள் இதைக் கேட்கவில்லை. தெரியும். என் வீட்டுக்காரர் வேல்முருகன் காலையில் நான் கண் விழிக்கும் முன்பே இந்த ஸ்டேஷனுக்கு வந்து, “எங்கம்மாள நாந்தான் கொன்னேன், என்னைப் புடிச்சு உள்ள போடுங்க” என்று அழுதிருக்கிறார். நீங்களும் பொறுமையாக விசாரித்தீர்கள். ஒரு பக்கம் விழுந்துபோன அம்மா ஆசையாகக் கறி கேட்டாள், மகன் கொடுக்கச் சொன்னார், தொண்டையில் அடைத்துக்கொண்டு போய்விட்டாள். இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியது. எனக்கு ஆள் அனுப்பினீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள். “மனசு ஒடைஞ்சு போயிருக்காரும்மா. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லாப் பாத்துக்கங்க” என்றீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் அந்த வீட்டுக்கு என்னால் திரும்பிப் போக முடியாது. அதனால்தான் கதவைச் சாத்தச் சொன்னேன். செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொன்ன மாதிரிதான்.

என் மாமியார் கண்ணாயி கெட்டவள் அல்ல. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். மலைமேல் அரியூர் நாட்டில் மரவள்ளிக் காட்டிலேயே காலத்தைக் கழித்தவள். என்னை ஒரு நாள் கடிந்து பேசியதில்லை. பேளுக்குறிச்சியிலிருந்து மலைக்கு மேலே வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். எங்கப்பா கட்டட வேலைக்குக் கீழே இறங்கியவர், அங்கேயே தங்கிவிட்டார். மேலே வந்த புதிதில் குளிர் தாங்காமல் நான் நடுங்கியபோது தன் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு, “ரெண்டு மழை பாத்தாச் சரியாப் போயிரும் கண்ணு” என்றவள் அத்தைதான்.

அவளுக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டபோது இவர் ஜப்பானில் வெல்டிங் வேலையில் இருந்தார். நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் என்னை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். தொண்டையிலும் பாதி செத்துவிட்டது. எதையும் மசித்துக் கூழாகத்தான் தர வேண்டும். தண்ணீரைக்கூடக் கஞ்சி மாதிரி கெட்டியாக்கித்தான் தர வேண்டும். “வறண்டதா, மொறுமொறுப்பா எதையும் கண்ணுலகூடக் காட்டாதீங்கம்மா. ஆசையாக் கேப்பாங்க. குடுக்காம இருக்கறதுதான் நீங்க காட்டற பாசம்” என்றார். அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்றும் சொல்லிக் கொடுத்தார். முன்னால் சாய்த்துப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. அவர் முதுகிலேயே என்னைத் தட்டிக் காட்டச் சொன்னார். நான் எதையும் ஒரு முறை பார்த்தால் பிடித்துக்கொள்வேன். சரியாகத் தட்டினேன். சபாஷ் என்றார்.

இவரிடம் போனில், “சாப்பாட்டப் பாத்துக் குடுக்கணுமாமுங்க” என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லையே. அன்றைக்கு என் மனசில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, நம்புங்கள். முழுவதையும் சொன்னால் ஒவ்வொரு கரண்டியையும் கேமராவுக்குக் காட்டச் சொல்வார் என்பதுதான் ஒரே காரணம்.

கேமராவைப் பற்றிச் சொல்லவில்லை, இல்லையா? லீவில் வந்தபோது கட்டிலுக்கு மேலே ஒன்றும் சமையல்கட்டில் ஒன்றும் மாட்டிவிட்டுப் போனார். அதில் அவர் பேசவும் செய்வார். நான் அரிசி களைந்துகொண்டிருப்பேன், கூரையிலிருந்து குரல் வரும். “சுமித்ரா, அம்மா போர்வை நழுவுது பாரு.” “சுமித்ரா, வாசல்ல யாரு கூட இத்தன நேரம்?” பக்கத்து வீட்டுப் பாப்பாயி அக்கா ஆரம்பத்தில் வந்து பேசிக்கொண்டிருப்பாள். பிறகு வாசலில் நின்றபடியே மேலே ஒரு பார்வை பார்ப்பாள், “வாரேன் கண்ணு” என்று போய்விடுவாள். கடல் தாண்டி இருந்தாலும் குடும்பத்தைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறான் என்று ஊரே இவரை மெச்சியது. நானும் மெச்சினேன்.

என் அம்மாவுக்கு முடியாமல் போனபோது கீழே போய் வரவா என்று கேட்டேன். “அம்மாளப் பாத்துக்க ஆளு ஏற்பாடு பண்ணிட்டுப் போ, நானென்ன வேண்டாங்கறனா?” என்றார். மிளகு பறிக்கும் காலம். ஆள் எங்கே கிடைக்கும்? கடைசியில் பாப்பாயி அக்காவின் கையைக் காலைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்ட ஈரம்கூடக் காயவில்லை. போன் அடித்தது. “சாயங்கால பஸ்ஸுக்கு மேல வந்துரு, அந்தக்கா அதுக்கு மேல இருக்க மாட்டாங்களாம்.” அந்த பஸ்ஸிலேயே ஏறினேன். வளைவுக்கு வளைவு அழுதுகொண்டே வந்தேன். பஸ்ஸில் கேமரா இல்லை.

இவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அடித்ததில்லை, குடித்ததில்லை. “அம்மா இருக்கற வரைக்கும் பொறுத்துக்க. அப்பறம் ஒன்னையும் இங்கயே கூட்டிக்கறேன்” என்று ஆறுதல் சொல்வார். அப்படி முடியாவிட்டால் பேளுக்குறிச்சியில் என் தங்கச்சி வீட்டுப் பக்கம் குடிவைத்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார். பாப்பாயி அக்காவும் அதையேதான் சொன்னாள். எல்லாரும் என்னிடம் அதையே சொன்னார்கள். அம்மா இருக்கிற வரைக்கும். கேட்டுக் கேட்டு எனக்கு அதைத் தவிர வேறெதுவும் காதில் விழாமல் போய்விட்டது.

அப்புறம்தான் அவர் வாங்கி அனுப்பிய ஏர் ஃப்ரையர் வந்தது. செம்மேட்டில் வந்து இறங்கியிருந்த பெட்டியை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எண்ணெய்ச் சட்டி இல்லாமலே கோழி பொரிக்கலாமாம். அங்கே அவர் சாப்பிட்டுப் பழகிய காராகே என்ற கோழிப் பொரியலை நான் செய்து பழக வேண்டும், நாளைக்கு லீவுக்கு வந்தாலும் ஜப்பானுக்கே நான் போனாலும் உதவும் என்றார். ஞாயிற்றுக்கிழமை தோறும் பாடம். அவர் மேலேயிருந்து சொல்லச் சொல்ல நான் செய்வேன்.

கறியைப் பெரிய துண்டாக வெட்ட வேண்டும். சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் சர்க்கரை, நம் மிளகு. ஊறிய பிறகு உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சில் புரட்ட வேண்டும். அதற்கு நான் எங்கே போவேன்? எங்கள் மலையில் விளைவது மரவள்ளி. கிழங்கு மில்லில் மாவு கிடைக்கும். அதில் புரட்டினேன். மேலே லேசாக எண்ணெய் தெளித்து மெஷினில் வைத்து, பாதியில் திருப்பிப் போட்டேன். மரவள்ளி மாவு அதைவிடக் கெட்டியாக ஓடு கட்டுகிறது. நான் கடித்த சத்தம் அவருக்கே கேட்டுச் சிரித்தார். “அட, இங்க கெடைக்கறத விட மொறுமொறுப்பா இருக்கும்போல!” அவர் என்னைப் பாராட்டியது எனக்குப் பிடித்திருந்தது. பல நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன்.

அந்த வாசனைக்கு அத்தை தலையைத் திருப்பினாள். நாக்கு புரளாவிட்டாலும் கேட்டது புரிந்தது. “கண்ணு... எனக்கொண்ணு.” வேண்டாம் அத்தை என்றேன். கூரையிலிருந்து உடனே சத்தம் வந்தது. “எங்கம்மா வாயத் தொறந்து கேட்டு இல்லீங்கறயா? அந்த மெஷினே அவங்களுக்காக வாங்கினதுதான்!”

டாக்டர் சொன்னதை அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் நான் சொன்னது வேறு. “இன்னைக்கி மிளகு தூக்கலாப் போச்சுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை அத்தைக்குப் பக்குவமாச் செஞ்சு குடுக்கறேன்.”

அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினேன். இடையில் ஒரு நாள் கொஞ்சம் கறி வாங்கிச் செய்து பார்த்தேன். பழகுகிறேன் என்றதும் அவருக்கு மகிழ்ச்சி. எண்ணெய் தெளிக்காமல் விட்டால் மாவு வேகாமல் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். வாயில் போட்டால் உள்ள எச்சிலையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். எடுத்து ஆறவைத்து மறுபடி ஒரு சுற்று விட்டால் உள்ளே இருக்கும் கறியும் வறண்டுவிடும். எனக்கே அது தொண்டையில் நின்று, மார்பைத் தேய்த்துவிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. சமையல்கட்டுக் கேமராவில் மெஷினுக்கு முன்னால் நிற்கும் என் முதுகு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையைக் குளிப்பாட்டி, நல்ல சேலை கட்டிவிட்டேன். பாப்பாயி அக்கா வீட்டில் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். எல்லாத் துண்டுக்கும் எண்ணெய் தெளித்தேன், இரண்டைத் தவிர. அந்த இரண்டையும் தனிக் கிண்ணத்தில் வைத்தேன். மகன் முகம் தெரியட்டும் என்று போனை அத்தைக்கு நேராகச் சாய்த்து வைத்தேன். இவர் அங்கே ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, “சாப்புடும்மா, நானும் சாப்புடறேன் பாரு” என்றார். அவள் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க எனக்கும் கண் கலங்கியது.

முதல் துண்டை வெகுநேரம் மென்றாள். கஷ்டப்பட்டு, ஆனால் இறங்கிவிட்டது. இதை மறைக்க மாட்டேன், எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவர்தான், “ருசி தெரிஞ்சு போச்சு, இன்னொண்ணு குடு சுமித்ரா” என்றார். கொடுத்தேன். அது இறங்கவில்லை.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விழாத கை அது, நல்ல பிடி. என்னையே பார்த்தாள். முன்னால் சாய்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்றும் தெரியும். என் உள்ளங்கைக்கு அந்த டாக்டரின் முதுகுகூட நினைவிருந்தது. “தண்ணி! தண்ணி குடு சுமித்ரா, தண்ணி குடு!” என்று போனில் அலறினார் இவர். நான் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சமாக இல்லை, சொம்போடு கொடுத்தேன். கேமராவில் எடுத்ததெல்லாம் அவர் போனில் பதிவாகியிருக்கும், பாருங்கள். புருஷன் சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்யும் ஒரு நல்ல பெண்டாட்டியைத்தான் பார்ப்பீர்கள்.

அவர் வந்து சேர்ந்தார், அடக்கம் செய்தோம். இனி எப்போது கிளம்பலாம் என்று நான் மனசுக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஜப்பான் வேலையை விட்டுவிட்டார். கேமராக்களைக் கழற்றி எறிந்தார். அத்தையின் கட்டிலில் போய்ப் படுத்தவர் எந்த வேலைக்கும் எழுந்திருக்கவில்லை. “நாந்தான் குடுக்கச் சொன்னேன், நாந்தான் கொன்னேன்” என்று ஓயாத புலம்பல். நான் ஊட்டினால்தான் ஒரு வாய் சாப்பிடுகிறார். தண்ணீர் எடுக்கப் போனால் பின்னாலேயே வருகிறார், குளித்தால் கதவுக்கு வெளியே நிற்கிறார். “நீ எங்கயும் போயிராத சாமி. நீ இருக்கறதாலதான் உசுரு தங்கியிருக்கு” என்கிறார். முன்பு கூரையில் இருந்த கண் இப்போது சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. ஊரில் எல்லாரும் அவரைத் தேற்றுகிறார்கள். பெத்த மகளாட்டம் பார்த்துக்கொண்டாள் என்று என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

நிரபராதி ஒருவர் பழி சுமக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். வரும்போது பஸ்ஸில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வெளியே அந்த பெஞ்சில் அவர், “நான் பண்ணினது, எல்லாம் நான் பண்ணினது” என்று அழுவதைக் கேட்டபோது எனக்கு வந்தது இரக்கம் இல்லை, மேடம். கோபம். என்ன சமைக்க, யாரோடு பேச, எந்த பஸ்ஸில் ஏற என்று எல்லாமே அவர் சொன்னது. அந்த வீட்டில் நானாக யோசித்து, நானாகப் பழகி, கை நடுங்காமல் செய்து முடித்த காரியம் இது ஒன்றுதான். அதையும் தன்னுடையது என்கிறார்.

கண்ணாயியைத் தெரிந்தே கொன்றவள் நான். எழுதிக்கொள்ளுங்கள். என் பெயருக்குப் பக்கத்தில் வேல்முருகன் மனைவி என்று மட்டும் போடாதீர்கள். இதில் அவருக்குப் பங்கு கிடையாது.