கெணத்துல எறங்குனவ

தபிதா: நீ தேடுற புக்கு அட்டை இன்னா கலருன்னாவது ஞாபகம் கீதா, ஜெயம்மா?

ஜெயம்மா: பச்சைக்கா. இல்ல... நீலம். தலகாணிக்கு அடியில வெச்சிப்பியே.

தபிதா: பச்சையா இருந்தது ஆஸ்பத்திரி போர்வை. புக்குக்கு அட்டையே இல்ல.

ஜெயம்மா: பார்த்தியா, உனக்கு ஞாபகம் கீது.

தபிதா: அட்டை இல்லாததுதான் ஞாபகம் கீது. பேரு தெரியாது. திருப்பதியில பக்கத்துப் பக்கத்து கட்டில்ல கெடந்தோம், பொழுது போகல, படிச்சேன். நீயே படிச்சிருக்கலாம் இல்ல?

ஜெயம்மா: நான் தெலுங்கு மீடியம். தமிழ் பேசத்தான் வரும். நீ சர்ச்சுல பைபிள் படிச்சு வளந்தவ... இன்னா குரலுக்கா அது. நர்சம்மாகூட ஊசிய கையில வெச்சிக்கினு நின்னு கேட்டாங்க.

தபிதா: போடி.

ஜெயம்மா: நெஜமா. கதையில வர்ற அந்தப் பட்டம்மா மாதிரி ஒருத்திய நான் பார்த்ததே இல்ல. ஊரே சிரிக்குது, கடப்பாரைய எடுத்துக்கினு தனியா கெணறு வெட்டுறா...

தபிதா: புருஷன் கரையில குந்திக்கினு வெத்தல போடுவான்.

ஜெயம்மா: அவனுக்கும் சேத்து சோறாக்கி வெச்சிட்டுதான் எறங்குவா. நானா இருந்தா வெத்தலைய புடுங்கி கெணத்துல போட்டிருப்பேன்.

தபிதா: அது இருக்கட்டும். பொண்ண அங்க திருப்பதி ஆஸ்பத்திரியில வுட்டுட்டு, சித்தூருக்கு ஓடியாந்து கதை கேட்டுக்கினு கீறியே.

ஜெயம்மா: ஹரிதாவுக்குத்தான்க்கா. நாளைக்கு ஆபரேஷன். எனக்கு இருந்த அதே வால்வு கோளாறு. சரியா துன்ன மாட்டேங்குறா, யார்கிட்டயும் பேச மாட்டேங்குறா. பட்டம்மா கதைய ஆரம்பிச்சேன், மூஞ்சிய என் பக்கம் திருப்பிக் கேட்டா. மண்ணு சரியிற எடத்துல எனக்கு வார்த்த வரல. அப்புறம் இன்னா ஆச்சும்மான்னு கேட்டுக்கினே கீறா.

தபிதா: மேல வந்துட்டான்னு சொல்லிடேன்.

ஜெயம்மா: எப்படி வந்தா? புக்குல இருந்த மாதிரியே சொல்லு.

தபிதா: புக்குல... விடுடி.

ஜெயம்மா: கயிறு அறுந்துது. அப்புறம்?

தபிதா: சுவத்துல விரலாலயே குழி பறிச்சி, ஒவ்வொண்ணா கால வெச்சி ஏறினா. மேல வந்து சேலைய புழிஞ்சிக்கினே, "தண்ணி வந்துடுச்சு, கொடத்த எடு"ன்னா புருஷன்கிட்ட.

ஜெயம்மா: அதான்க்கா. அந்த ஒரு வார்த்தைய புடிச்சிக்கினுதான் மறுநா நான் ஸ்ட்ரெச்சர்ல படுத்தேன்.

தபிதா: ஜெயம்மா... அது புக்குல இல்ல.

ஜெயம்மா: சொல்லுக்கா.

தபிதா: விடிஞ்சா உனக்கு ஆபரேஷன். நீ என் மூஞ்சியவே பார்த்துக்கினு கெடந்தே. அதுல எழுதியிருந்தத வாய்விட்டு படிக்க என்னால முடியல. பக்கத்த பார்த்துக்கினே நானா சொன்னேன். நீ அந்தக் கதைய புகழும்போதெல்லாம் எனக்குக் கூசும். நீ தேடுற புக்கு எங்கயும் கெடைக்காதுடி.

ஜெயம்மா: புக்கு கெடச்சிடுச்சுக்கா. வேலூர்ல என் தம்பி வேணு தேடிப் புடிச்சு, போன வாரமே எனக்குப் படிச்சுக் காட்டிட்டான். அதுல அவ மண்ணுக்குள்ளயே போயிடுறா. இந்தா, பையில எடுத்தாந்துதான் கீறேன். நீ என்கூட வந்து, இத தொறந்து கையில வெச்சிக்கினு, அன்னிக்கு எனக்குப் படிச்ச மாதிரியே என் பொண்ணுக்கும் படி.