வண்டிக்கு முன்னால் விளக்குமாறு

"கண்ணுக்குத் தெரியாத நெருப்பு சுடுமா, பக்கிரி அங்கிள்?" என்று வாணி ஒருமுறை கேட்டாள். முதலாளி கமலநாதனின் மகள். பள்ளி விடுமுறையில், கோலாலம்பூருக்கு வெளியே மேருவில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வருவாள்.

நல்ல கேள்வி, இன்ஸ்பெக்டர் ஐயா. நாங்கள் செய்துகொண்டிருந்தது பேட்டரியிலும் ஹைட்ரஜனிலும் ஓடும் சொகுசு எஸ்யூவி. விற்பனைக்கு அல்ல, கண்காட்சிக்கான ஒரே ஒரு மாதிரி வண்டி. புகைக்குப் பதில் தண்ணீர்தான் விடும். ஆனால் ஹைட்ரஜன் கசிந்து பற்றிக்கொண்டால், வெயிலில் அந்த நெருப்பு தெரியாது. அதனால் ஈர்க்கு விளக்குமாற்றை முன்னால் நீட்டியபடியே வண்டியை நெருங்குவோம். நுனி கருகினால் நின்றுவிட வேண்டும். அதை அவளுக்குச் செய்து காட்டினேன். பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்வதும் ஓர் உபகாரம்தான்.

அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் என்னோடு வேலை செய்த குகன். ஒருநாள் என் முகத்துக்கு நேரே அவன் நீட்டிய விளக்குமாறு எரிந்தது. நான் எரியவில்லை.

பிறகு, வண்டியில் பணம் போட்டவர்கள் பார்க்க வந்தார்கள். முதலாளி விளக்குமாற்றைப் பிடுங்கி எறிந்தார்.

"நல்ல நாளும் அதுவுமா வண்டி முன்னாடி வெளக்கமாறா? பாக்குறவங்க சிரிப்பாங்க லா."

"சிரிச்சா சிரிக்கட்டும் பாஸ். வெந்துபோனா யாரு பதில் சொல்றது?" என்றான் குகன்.

"பெரிய சயின்டிஸ்டு வந்துட்டாரு. போடா, வண்டிய ஸ்டார்ட் பண்ணு."

ஹைட்ரஜன் வால்வைத் திறக்க, குகன் வெறுங்கையோடு வண்டிக்குப் பின்னால் போனான். தெரியாத நெருப்பில் வெந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தான். விசாரிக்க வந்தவர்களிடம், அவன் கவனமில்லாதவன் என்றார் முதலாளி. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கோபப்படவில்லை. கோபம் பாவம்.

கோலாலம்பூர் கண்காட்சிக்கு வண்டி கிளம்பும் காலையில் பூசை வைத்தோம். பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய மாலையை நானே வண்டிக்குச் சாத்தினேன். விளக்குமாற்றை, முதலாளி விரும்பியபடியே, கண்ணில் படாமல் ஒளித்துவைத்தேன். அவர் பேச்சை நான் தட்டியதில்லை.

உருமி மேளம் முழங்கியது. பின்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க முதலாளி நடந்தார். வாணி என் சட்டையை இழுத்தாள்.

"அங்கிள், வெளக்கமாறு எங்க?"

அவள் பார்வை அப்பாவின் மேலேயே இருந்தது. நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் அவர் நின்றிருப்பார்.

"ஆபீஸ்ல பூக்கூடை இருக்கு. ஓடிப்போய் எடுத்துட்டு வா, கண்ணு."

ஓடினாள். பிள்ளை இதைப் பார்க்கக் கூடாது. அந்த இரக்கம் எனக்கு உண்டு.

பின்பக்க ஹைட்ரஜன் குழாயின் இணைப்பைத் தளர்த்தியவன் நான். அதில் நெருப்பு வைத்தவனும் நான்தான். அதன் சீறலை மேளம் மூடிக்கொண்டது. முதலாளி பழத்தோடு குனிந்தார். அவருக்கு முன்னால் வெறும் வெயில்தான் தெரிந்தது.

ஆம்புலன்ஸின் பின்னால் எல்லாரும் ஓடினார்கள். வழியிலேயே அவர் உயிர் போனது எனக்குப் பிறகுதான் தெரியும். வால்வை மூடினேன். விளக்குமாற்றை எடுத்துவந்து, முன்னால் நீட்டியபடி வண்டியைச் சுற்றி வந்தேன். நுனி கருகவில்லை. வண்டிக்குக் காட்ட முதலாளிக்குக் கொடுத்துவைக்காத சூடத்தைக் குகன் விழுந்த இடத்தில் ஏற்றினேன். அவனுக்கு நான் பட்ட கடன் தீர்ந்தது. சாட்சி யாருமில்லை.

வாணி மட்டும் பூக்கூடையோடு ஆபீஸ் வாசலில் நின்று, என் கையிலிருந்த விளக்குமாற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, அவள்மேல் நெருப்பு படவில்லை.