முதலாம் திகதி நின்ற லொறி

எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூட ஒழுங்காக வராது. ஆகவே வீதியில் யார் எதை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதில் எனக்குச் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் இருந்ததில்லை. என் வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சேர். மெதுவாகவே சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடம் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்த குமாரசிங்கம் நான். எழுதுகிற கையின் கஷ்டம் தெரியும்.

பதுளையில் நான் குடியிருக்கும் வீதியைப் பார்த்திருப்பீர்கள். செங்குத்தான ஏற்றம். ஒரு லொறி ஏறினால் நடந்து போகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் இரண்டு பக்கமும் நிறுத்தினார்கள். அதை மாற்றச் சொல்லி நான் பதினொரு மனு எழுதினேன். தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியாது என்று காரணம் காட்டினேன். இந்த வருடம் செப்டெம்பரில்தான் மாநகர சபை இறங்கி வந்தது. ஒற்றைத் திகதியில் இடப்பக்கம் மட்டும், இரட்டைத் திகதியில் வலப்பக்கம் மட்டும். காலை ஆறு மணிக்குப் பக்கம் மாற்ற வேண்டும். பலகை நட்ட அன்று எனக்குப் பிள்ளை பிறந்த மாதிரி இருந்தது. என் மனைவி குணமணி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆரம்பத்தில் வாயால்தான் சொன்னேன். கேட்காத ஒரு காரின் கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்தேன். இன்னொரு வானின் டயர்களை உளியால் குத்தும்போது வான்காரர் வந்து என் கையைப் பிடித்தார். அவருடைய விரல்களை அவருடைய கதவிலேயே வைத்துச் சாத்தினேன். இரண்டு முறிந்தன. அவர் முறைப்பாடு செய்யவில்லை, ஏனென்றால் அன்று அவர் பிழையான பக்கம் நின்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் பக்கம் மாறி நிற்கவில்லை.

புவனேந்திரன் அப்படிப்பட்டவன் அல்ல. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். என் வீட்டுக்கு எதிரே உள்ள பலீலாவின் கடையிலிருந்து தோட்டக் கடைகளுக்கு அரிசியும் மாவும் ஏற்றுகிறவன். அவனுடைய லொறியில் ஹேண்ட்பிரேக் பிடிக்காது. எங்கள் ஏற்றத்தில் பாதி வாகனங்கள் அப்படித்தான், பின்சில்லுக்குக் கல் வைத்துத்தான் நிறுத்துவார்கள். ஒவ்வொருவருக்கும் சொந்தக் கல், அதில் வண்டி இலக்கம் பெயின்டால் எழுதியிருக்கும். அடுத்தவர் கல்லை யாரும் தொடமாட்டார்கள். குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள்கூடத் தொட்டதில்லை. ஆனால் அது எங்கும் எழுதப்பட்ட விதி அல்ல. எழுதப்படாததை நான் சட்டமாக ஏற்றுக்கொண்டதில்லை.

ஒக்டோபர் கடைசி நாள் நல்ல மழை. ஸ்பிரிங்வெளிப் பாதையில் மண் சரிந்துவிட்டதால் அவன் லொறியை இடப்பக்கம் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான். மறுநாள் காலை எட்டு மணிக்கும் லொறி அதே இடத்தில் நின்றது. அவன் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். நான் போனேன்.

"தம்பி, நேற்று இந்தப் பக்கம். இண்டைக்கு மற்றப் பக்கம். எடும்."

"ஐயா, நேத்து முப்பத்தொண்ணு, இன்னைக்கு ஒண்ணு. ரெண்டுமே ஒத்தைதானுங்களே? பலகையில போட்டபடிதான் நிக்கிறேன்."

பலகையைப் பார்த்தேன். மனதுக்குள் கணக்குப் போட்டேன். பதினொரு மனு எழுதியவன் இதை ஒரு தடவையும் யோசிக்கவில்லை. கடை வாசலில் நின்ற மூன்று பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். பலீலா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்கய்யா, யாருக்கும் தப்பு வர்றதுதானே" என்று எனக்குச் சமாதானம் சொன்னான். எனக்கு வெட்கத்தில் காது கொதித்தது. தோட்டத்துப் பையன் ஒருவன் எனக்கு ஆறுதல் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேனே என்று இருந்தது.

வீட்டுக்குப் போனேன். குணமணி தேத்தண்ணி தந்தாள், உட்கார்ந்து குடித்தேன். ஆத்திரத்தில் செய்ததாக எழுத வேண்டாம். கோப்பையைக் கழுவி வைத்தபோது ஆத்திரம் அடங்கியிருந்தது. பின்பக்கத்தில் கிடந்த, குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். வாசலில் நின்றவர்கள் கலைந்திருந்தார்கள். அவன் லொறியின் பின்னால் குனிந்து கடைசி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னும் கோவமாங்கய்யா?"

"இல்லைத் தம்பி" என்றேன். கல்லின் கீழே அலவாங்கைக் கொடுத்து நெம்பினேன்.

பாரம் ஏற்றிய லொறி பத்தடி உருண்டு, பின்னாலிருந்த மின்கம்பத்தோடு சேர்த்து அவனை அழுத்தி நின்றது. இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. நினைவு இருந்தது. "ஐயா, கல்ல வைங்க, இன்னும் அழுத்துது, கல்ல வைங்கய்யா" என்றான். நான்தான் எடுத்தேன் என்பது அவனுக்குப் புரியவில்லை. கல் என் காலடியில் கிடந்தது. வைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று வைத்தியர் சொன்னதாகச் சொன்னீர்கள். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. பிழைத்தால் முப்பத்தொன்றும் ஒன்றும் ஒற்றை என்பதை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வான். எனவே அலவாங்கால் தலையில் அடித்தேன். மூன்று தடவை. முதலாவது அடிக்குப் பிறகும் "ஐயா" என்றான். பலீலா கத்திக்கொண்டு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் ஓடவில்லை. கல்லை எடுத்து ஓரமாக வைத்தேன், அது வழியில் கிடந்தது.

அவனுக்கு நிரஞ்சலா என்று ஒரு மனைவி, இந்த மாதம்தான் பிரசவம் என்கிறீர்கள். பாவம்தான். எனக்கு அந்தப் பையன் மேல் எந்தக் கோபமும் இல்லை. எல்லாம் ஒரு ஒழுங்குக்காக நடந்தது.

நான்தான் கொன்றேன், தெரிந்தே கொன்றேன், அப்படியே எழுதுங்கள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் மூன்றாம் பக்கத்தில் லொறி சரியான பக்கம் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியை வெட்டிவிடுங்கள் சேர். அதை நான் எந்தக் காலத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.